எடைமேடைக்கு அடியில்

வன்னியம்பட்டி, ராஜபாளையம் பக்கம் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறி நிற்கிறது. அறைக்குள் இருக்கும் இண்டிகேட்டரில் எண்கள் ஓடி நிலைக்கின்றன. மேடைக்கு அடியில் தராசும் இல்லை, படிக்கல்லும் இல்லை. சில எஃகுத் தூண்கள்தான் இருக்கின்றன. லோடு செல் என்பார்கள். லாரியின் கனத்தில் அவை குறுகுகின்றன. முழு லோடு ஏறினாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். கண்ணுக்கு எட்டாத இந்தக் குறுகலை அளப்பது, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் என்ற மெல்லிய உலோகத் தகட்டுப் பின்னல்.

நூற்பாலையில் பஞ்சுப் பட்டையை இழுத்தால் நீண்டு மெலியும் அல்லவா, உலோகக் கம்பியும் அப்படியே. நீண்டு மெலிந்தால் மின்தடை கூடும். குறுகித் தடித்தால் குறையும். இதை 1856-லேயே கெல்வின் பிரபு கண்டுவிட்டார். பயனுள்ள கருவியாக்கியவர்கள் 1938-ல் அமெரிக்காவில் தனித்தனியே உழைத்த சிம்மன்ஸ், ரூஜ் என்ற இருவர். நிலநடுக்கத்தில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி என்னவாகும் என்ற ஆராய்ச்சியில்தான் ரூஜுக்கு இது தேவைப்பட்டது. அவர் பணியாற்றிய எம்.ஐ.டி., இதற்குப் பெரிய வணிக மதிப்பில்லை என்று காப்புரிமையை அவரிடமே விட்டுவிட்டது!

உண்மையான தலைவலி எடையல்ல, வெயில். சாதாரணச் செம்புக் கம்பியில் வெப்பம் 1 டிகிரி ஏறினாலே மின்தடை 0.4 சதவீதம் கூடும். முழு லோடு தரும் மாற்றமோ சுமார் 0.2 சதவீதம்தான். நம்மூர்ச் சித்திரை வெயிலில் காலி மேடையே பல டன் காட்டும். அதனால்தான் வெப்பத்துக்கு அவ்வளவாக அசையாத கான்ஸ்டன்டன் என்ற செம்பு-நிக்கல் கலவையைப் பயன்படுத்துகிறார்கள். அதோடு நான்கு கேஜ்களை வீட்ஸ்டன் சுற்றாக இணைக்கிறார்கள். இரண்டு தூணின் நெடுக்காக, இரண்டு குறுக்காக. லோடு ஏறினால் முதலிரண்டின் தடை குறையும், மற்ற இரண்டின் தடை கூடும். அந்த வேறுபாடு மின்னழுத்தமாக வெளிவரும். வெயில் நான்கையும் ஒன்றுபோல் தாக்குவதால் அதன் விளைவு பெரும்பாலும் கழிந்துவிடும். கெட்டிக்காரத்தனம் இங்கேதான்.

மிச்சமிருக்கும் சிக்னல் மிகச் சிறியது. 60 டன் தாங்கும் செல்கள், 10 வோல்ட் மின்சாரம் என்றால் 10 கிலோவுக்குச் சுமார் 3 மைக்ரோவோல்ட். மழைக்காலத்தில் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் புகுந்தால் போதும், எண்கள் தடுமாறும்.

பாலம், கிரேன், விமான இறக்கை எல்லாவற்றிலும் இதே தகடுதான் ஒட்டப்படுகிறது. ஆனால் எடைமேடையில் கேஜ் சரியாக இருந்தும் கணக்கு தப்பலாம். மேடைக்கும் குழியின் விளிம்புக்கும் இடையே ஒரு கல் சிக்கினால் லாரியின் கனத்தில் ஒரு பங்கை அந்தக் கல் தாங்கிக்கொள்ளும். செல்லுக்கு அது தெரியாது. லோடு கொண்டுவருபவர்கள் வண்டி ஏறுமுன் இண்டிகேட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதோடு, அந்த இடுக்கையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.