விரலுக்குள் ஓடும் கயிறு

ஆரியங்கோட்டு ரப்பர் தோட்டமொன்றில், பொழுது நன்றாகப் புலருமுன்பே மரத்தின் பட்டையை மயிரிழை பிசகாமல் சீவி, பால் சிரட்டையில் இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்த பால்வெட்டும் அண்ணன் ஒருவர், கத்தியைப் பிடித்திருந்த கையின் மோதிர விரல் மடங்கியபடியே நின்றுவிட, மறு கையால் அதைப் பிடித்து நிமிர்த்தினார். 'சொடக்'கென்ற சப்தத்துடன் அது விடுபட்டது.

விரலை மடக்கும் பெருந்தசைகள் விரலில் இல்லை. அவை முன்கையில் இருந்துகொண்டு, கிணற்றுக்கரையில் நிற்பவர் கயிற்றை இழுத்துக் குடத்தை ஏற்றுவதைப்போல, மணிக்கட்டின் வழியே நீண்டு செல்லும் நாண்களால் தூரத்திலிருந்தே விரல் நுனியை ஆள்கின்றன. அந்த நாண் எலும்பைவிட்டு விலகாதபடி, கட்டை விரல் நீங்கலான ஒவ்வொரு விரலிலும் வளைய வடிவில் ஐந்தும் சிலுவை வடிவில் மூன்றுமாக நார்க்கட்டுகள் அமைந்திருக்கின்றன. வைத்திய சாஸ்திரம் இவற்றைக் கப்பிகள் என்கிறது. ஆனால் கிணற்றுக் கப்பி சுழலும், இவை சுழல்வதில்லை. உறைக்குள் ஊறும் திரவத்தின் வழவழப்பில் நாண்தான் வழுக்கி ஓடுகிறது.

வளையங்களுள் இரண்டாவதும் நான்காவதும் பிரதானமானவை. இவை அறுந்தால், வளைத்த வில்லின் நாண்போல் விரலின் நாண் எலும்பைவிட்டு எழுந்து நிற்கும். தசை எவ்வளவு இழுத்தாலும் விரல் முழுதாக மடங்காது. விரல் நுனிகளில் உடற்பாரம் முழுவதையும் தாங்கிப் பாறையேறுவோருக்கு இந்த விபத்து நேர்வதுண்டு. மலையேற்றத்தைப் பேசும்போது இந்தப் பக்கத்து மனிதருக்கு நெய்யூர் நினைவுக்கு வராமலிராது. 1922, 1924 ஆகிய ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட ஹோவர்ட் சாமர்வெல், பாறையைப் பற்றிய அதே விரல்களால் அங்குள்ள மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டு காலம் அறுவைக் கத்தியையும் பிடித்தவரல்லவா!

அண்ணனின் உபாதையோ விரலடியிலுள்ள முதல் வளையத்தைச் சேர்ந்தது. நீரிழிவு உடையவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் இந்நோயில் அவ்வளையம் தடித்து, நாணும் ஓரிடத்தில் முடிச்சுப்போல் பருத்துவிடுகிறது. ஓய்வுக்கும் ஊசிமருந்துக்கும் இணங்காவிட்டால் வைத்தியர் அவ்வளையத்தைக் கீறி விடுவிப்பார். அதை இழந்தாலும் விரல் தன் வேலையைச் செய்யும்; ஆனால் சில மில்லிமீட்டர் தூரத்திலேயே தொடங்கும் இரண்டாம் வளையத்தில் கத்தி படலாகாது. அந்தச் சிறு இடைவெளியை அறிந்து நிற்கும் கையின் நிதானத்தை நினைத்தால் எனக்குப் பெரும் மரியாதை உண்டாகிறது.

அண்ணனின் உள்ளங்கையில், மோதிர விரலுக்குக் கீழே, மேல் ரேகையின் அருகே என் விரலை வைத்தேன். அவர் மடங்கிய விரலை மெல்ல நிமிர்த்தும்போது, பயறளவு முடிச்சொன்று தோலுக்கடியில் உருண்டு வந்து, வளையத்தின் வாயில் சற்றே தயங்கி நின்று, பிறகு குதித்து உள்ளே போயிற்று.