வீடு மாறினால் டிஷ்ஷும் கூடவே வரும்! நீங்களே செட் பண்ணலாம்: இ.பி. ஒயர் பக்கம் மட்டும் உஷார்

சேலையூர்:

சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பகுதிகளில் வாடகைக்கு குடியிருப்பவர்கள் ஏராளம். 11 மாத அக்ரிமென்ட் முடிந்தால் சாமான்களை குட்டி யானையில் ஏற்ற வேண்டியதுதான். கட்டில், பீரோ எல்லாம் புது வீட்டுக்கு வந்துவிடும். டி.வி.யில் மட்டும் படம் வராது. டிஷ்ஷை மாற்றி வைக்க ஆள் கூப்பிட்டால் அதற்குத் தனி செலவு. கட்டிட வேலைக்காக ஷெட் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களுக்கும் இதே பாடுதான். விஷயம் தெரிந்தால் இந்த செலவை மிச்சம் பிடிக்கலாம்.

எந்தப் பக்கம் திருப்புவது?

செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில், பூமி சுற்றும் அதே வேகத்தில் சுற்றுகிறது. அதனால் நமக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போலத்தான். டிஷ்ஷை ஒரு தடவை சரியாக வைத்து இறுக்கினால் போதும்.

2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டி.டி.எச். இப்போது டி.டி. ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் வருகிறது. பாக்ஸ், டிஷ் வாங்கினால் சரி, மாத சந்தா கிடையாது. (எல்லா தனியார் தமிழ் சேனலும் இதில் வராது.) இது ஜிசாட்-15 செயற்கைக்கோளில் இருந்து வருகிறது. சேலையூரில் இருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், அதாவது சரியாக அக்னி மூலையில், சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது.

டாடா பிளே டிஷ் கிட்டத்தட்ட தெற்கு பார்க்கும். ஏர்டெல் டிஷ் கிழக்கில் இருந்து கொஞ்சம் தெற்கே சாய்ந்திருக்கும். பக்கத்து மாடியில் உங்கள் கம்பெனி டிஷ் இருந்தால், அது பார்க்கும் திசையைப் பார்த்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பெயின்ட் பக்கெட் போதும்

சுவரில் துளை போட்டால் ஓனர் அட்வான்ஸில் பிடிப்பார். பழைய பெயின்ட் பக்கெட்டில் இரும்பு பைப்பை நேராக நிறுத்தி கான்கிரீட் போட்டால் ஸ்டாண்ட் ரெடி. போகும் இடமெல்லாம் தூக்கிச் செல்லலாம். வெளிநாடுகளில் கேரவன் வண்டியில் மாதக்கணக்கில் தங்குபவர்களும் வண்டியை நிறுத்தியபின் இப்படித்தான் தனி ஸ்டாண்டில் டிஷ் வைக்கிறார்கள்.

டிஷ்ஷுக்கு முன்னால் தென்னை மட்டை, வாட்டர் டேங்க் மறைக்கக் கூடாது. பாக்ஸை ஆஃப் செய்துவிட்டுத்தான் கேபிளை மாட்ட வேண்டும். பிறகு ஒருவர் டி.வி. முன்னால் உட்கார, இன்னொருவர் டிஷ்ஷை இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். திரையில் 'ஸ்ட்ரென்த்' ஏறினால் மட்டும் போதாது, 'குவாலிட்டி' ஏற வேண்டும். ஏறியதும் போல்ட்டை இறுக்கிவிடலாம். பெருமழையில் படம் நின்றால் டிஷ்ஷைத் தொட வேண்டாம். மழை குறைந்ததும் தானாக வந்துவிடும்.

உயிர் முக்கியம்

மாடியை ஒட்டி இ.பி. லைன் போனால் அந்தப் பக்கம் டிஷ்ஷோ, இரும்பு பைப்போ கொண்டு போகவே கூடாது. கைப்பிடிச் சுவர் மேல் ஏறுவது, மின்னல் நேரத்தில் மாடிக்குப் போவது இரண்டும் ஆபத்து. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே டிஷ்ஷைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். 2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா புயலின் காற்றை தாம்பரம்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். பறக்கும் டிஷ் தெருவில் போகிறவர் தலையையும் பதம் பார்த்துவிடும்.