மின்மினியின் வால்நுனி விலாசம்

பின்கோடு தப்பினால் கடிதம் ஊர் சுற்றும். செல்லுக்குள் தயாராகும் புரதத்துக்கும் விலாசம் உண்டு. ஆனால் உறை கிடையாது. விலாசம் புரதத்தின் உடம்பிலேயே இருக்கிறது.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். கணையத்தில் அது 110 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியாகத் தொடங்குகிறது. முதல் 24-தான் விலாசம். அந்த முனை, புரதம் கோக்கும் ரைபோசோமிலிருந்து தலைநீட்டியதும் ஒரு துகள் அதைப் பற்றி, செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. உள்ளே நுழைந்த கையோடு விலாசத் துண்டு வெட்டப்படும். இன்னும் சில வெட்டுகள் விழுந்தபின் இரத்தத்துக்கு வந்துசேரும் இன்சுலினில் மிஞ்சுவது 51 மட்டுமே.

இந்தத் துப்பைத் துலக்கிய குந்தர் புளோபெலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. பணத்தின் பெரும்பகுதியை, போரில் சிதைந்த டிரெஸ்டன் நகரின் தேவாலயத்தை மீட்டெழுப்பக் கொடுத்துவிட்டார்!

எல்லா விலாசமும் இத்தனை நீளமில்லை. மின்மினியை ஒளிரவைக்கும் லூசிஃபெரேஸ் புரதத்தின் வால்நுனியில் இருப்பவை செரீன், லைசீன், லூசீன் என மூன்றே. பெராக்சிசோம் என்னும் சின்னஞ்சிறு பைக்குப் போக அதுவே போதும். ஆய்வுக்கூடத்தில் குரங்கின் செல்லுக்குள் இந்தப் புரதத்தை உருவாக்கிப் பார்த்தார்கள். அங்கேயும் அது வழி கேட்காமல் அதே பைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.