மூப்பு செல்லிலா, இடத்திலா?

கிழட்டு எலியின் மூளையில் மந்தமாகக் கிடந்த செல்களை எடுத்து, பிறந்த எலிக்குட்டியின் மூளையில் வைத்தார்கள். அவை மறுபடி சுறுசுறுப்பாகப் பெருகத் தொடங்கின. பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ராபின் ஃபிராங்ளினும் கெவின் சாலட்டும் தங்கள் குழுவினருடன் நடத்திய இந்தச் சோதனை, 2019இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது.

நரம்பிழையைச் சுற்றி, மின்கம்பியின் மேலுறை போல, மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. உறையுள்ள தடித்த இழையில் செய்தி நொடிக்குச் சுமார் 100 மீட்டர் வரை ஓடும். உறையில்லாத மெல்லிய இழையில் ஓரிரு மீட்டர்தான். மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த உறையைச் சுற்றுபவை ஆலிகோடென்ட்ரோசைட் செல்கள். அப்படி மாறக் காத்திருக்கும் முன்னோடி செல்கள் முதுமையிலும் மூளை முழுக்க இருக்கின்றன. மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயில் உறை சிதையும்போது பழுது பார்க்க வேண்டியவை இவையே. ஆனால் வயது ஏற ஏற இவற்றின் வேலை சுணங்கிவிடுகிறது. எலிக்குட்டியின் மூளையில் வைத்தவையும் இந்த முன்னோடி செல்களே.

சுற்றுப்புறம் இந்தச் செல்களை மாற்றும் என்பது புதிய சேதி அல்ல. எலியின் பார்வை நரம்பிலிருந்து எடுத்த முன்னோடி செல்களை 1983இல் லண்டனில் மார்ட்டின் ராஃப் குழு வளர்த்தது. கன்றுச் சீரம் கலந்த தட்டில் அவை அஸ்ட்ரோசைட் என்ற வேறு வகை செல்லாயின. சீரம் இல்லாத தட்டில் ஆலிகோடென்ட்ரோசைட் ஆயின. அன்று கவனம் ரசாயனத்தின் மீதே இருந்தது.

கேம்பிரிட்ஜ் குழு கவனித்ததோ கடினத்தன்மையை. வயதானால் மூளைத் திசு விறைக்கிறது. இளமூளையின் மென்மையில் செயற்கைக் கூழ் தயாரித்து அதில் கிழட்டுச் செல்களை விட்டபோது அவை இளசு போல நடந்துகொண்டன. விறைப்பான கூழில் இளஞ்செல்கள் கிழடாயின. இந்த விறைப்பைச் செல் உணர்வது பியசோ1 என்ற புரதத்தின் வழியாக. (அதைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.) முதிய எலிகளின் மூளையில் இந்தப் புரதத்தைக் குறைத்ததும், செல்கள் தாம் இருக்கும் இடம் விறைத்திருப்பதைக் கண்டுகொள்ளாமல் பெருகின.

அப்படியானால் பியசோ1-ஐ அடக்கும் மாத்திரை போதுமே என்று தோன்றலாம். அவ்வளவு எளிதல்ல. ரத்தச் சிவப்பணுக்களுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் அதே புரதம் தேவை. மருந்து அந்த முன்னோடி செல்களை மட்டும் தேடிப்போய்ச் சேர வேண்டும்.