ஆட்களுக்கு முன்னால் வரும் பதகளிப்பு

ஊர் திரும்பிய பிறகு வீட்டுத்திட்டப் பதிவு, காணி அலுவல், கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் என்று ஆட்களுக்கு முன்னால் போகவேண்டிய தேவைகள் அடுத்தடுத்து வரும். அங்கே உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் நெஞ்சு படபடக்கிறதா? கை நடுங்கிக் கையெழுத்து வைக்க முடியாமல் போகிறதா? எல்லோரும் உங்களையே பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பதிவுக்கே போகாமல் விட்டீர்களா? இதைச் சமூகப் பதகளிப்பு என்பார்கள். இதற்குச் சிகிச்சை உண்டு.

பலருக்கு இது பதின்ம வயதிலேயே தொடங்கும். வீட்டார் ‘கூச்ச சுபாவம்’ என்று விட்டுவிடுவார்கள். பழகிய அயலை இழந்து, புது முகங்களுக்கு நடுவில் வாழ நேரும்போது அது கூடலாம். (சீருடையையோ வெடிச்சத்தத்தையோ கண்டு கேட்டு வரும் பயம் வேறு. அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.)

உங்களுக்குப் பதிலாக மகனை அனுப்பினால் அன்றைக்கு நிம்மதிதான். ஆனால் அடுத்தமுறை பயம் இன்னும் பெரிதாக நிற்கும். அதனால் சிறிய அலுவலில் தொடங்குங்கள். சந்திக் கடைக்குப் போய் ஒரு சாமானின் விலையைக் கேளுங்கள். சில நாட்கள் அதையே செய்து பழகியதும், தெரிந்த ஒருவருடன் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் இருங்கள். பிறகொரு நாள் ஒரேயொரு கேள்வி கேளுங்கள். படபடப்பு வந்தவுடன் எழுந்து வராமல், மூச்சை மெதுவாக வெளியே விட்டு, அது தணியும்வரை அங்கேயே இருப்பதுதான் முக்கியம். துணிவுக்கென்று குடித்துவிட்டுப் போகாதீர்கள்; நாளடைவில் பதகளிப்பு கூடும், குடியும் பழகிவிடும்.

கூடப்போகும் வீட்டாருக்கு ஒன்று: பக்கத்தில் நில்லுங்கள், அவருக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள்.

இப்படி முயன்றும் முடியவில்லையென்றால் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். கட்டணம் இல்லை. பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள அங்கே பழக்குவார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். அதன் பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும். சுகம் என்று கண்டதும் நீங்களாகவே நிறுத்தக்கூடாது.

உளநலப் பிரிவின் வாசலில் யாராவது கண்டுவிடுவார்களோ என்ற பயமும் இந்த நோயின் ஒரு பகுதிதான். முதலில் தொலைபேசியில் கதைப்பது சுகமென்றால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் பிந்தாமல் அழையுங்கள். வைத்தியருக்கு முன்னால் வாய் வராது என்றால், எங்கே, எப்போது, என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுங்கள்.