மருத்துவ ஆராய்ச்சியும் மனச்சான்றும்

தொட்டியத்தில் வாழை பயிரிடும் என் தந்தையார், புதுரகக் கன்று வந்தால் முதலில் ஒரு மூலையில் மட்டும் நட்டுப் பார்ப்பார். பொய்த்தால் இழப்பு அவருக்கே. விளைந்தால் பயனும் அவருக்கே. மருத்துவ ஆராய்ச்சி அவ்வளவு எளிதன்று. அங்கே பயன் ஒருவருக்கும் ஆபத்து வேறொருவருக்கும் போய்ச் சேரலாம்.

1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையத்தின் முதல் ஆய்வே இதற்குத் தக்க சான்று. காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்ப்பதே அந்நாளைய மருத்துவ முறை. படுக்கைகளோ மிகக் குறைவு. வீட்டில் வைத்தே குணப்படுத்த இயலுமா? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஆய்வாளர்கள் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, வீட்டிலும் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளை அளித்தனர்.

பயன் நோயாளிக்கு, ஆபத்தோ அதே கூரையின்கீழ் உறங்கும் குழந்தைகளுக்கு! படுக்கை கிடைக்காத நோயாளி மருந்தின்றி வீட்டில் கிடந்தாலும் அவர்களுக்கு ஆபத்துத்தான் என்பதையும் நாம் தராசில் வைக்கவேண்டும். குடும்பத்தாரையும் ஆய்வாளர்கள் தொடர்ந்து பரிசோதித்து வந்தனர். 1959-இல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பயனைத் தருவதைக் காட்டியது. குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் தீங்கு காணப்படவில்லை. பல நாடுகளில் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வர இது வழிகோலியது.

எனினும், முடிவு நல்லதாயிற்று என்பதாலேயே ஓர் ஆய்வு அறமாகிவிடாது. ஆபத்தைச் சுமப்பவர் யார், அவர் அறிந்து இசைந்தாரா, அவரைக் காக்க வழி உண்டா என்று தொடக்கத்திலேயே கேட்டாக வேண்டும். இன்று அறநெறிக் குழுக்கள் இருப்பது இதற்காகவே. குழந்தைக்குக் கேட்கத் தெரியாது. அதற்காக நாம்தாம் கேட்கவேண்டும்.