மாறிக் கடிக்கும் முன்பற்கள்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது சவ்வாது மலை. அம்மலையூர் ஒன்றில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் வாய்திறந்து நகைக்க நாணுகின்றான் எனக் கொள்க. அவன் வாயை மூடுங்கால் மேல் முன்பற்கள் இரண்டும் கீழ்ப்பற்களுக்குப் பின்னே சென்று மறைகின்றன. மேற்பற்கள் கீழ்ப்பற்களைச் சிறிது மூடி முன்னிற்றலே இயல்பு. இம்முறை பிறழ்தலை மருத்துவர் குறுக்குக் கடி என்பர். எயிற்றை முல்லையரும்பு என்று போற்றிய புலவர் அது கடிக்கும் முறையைப் பற்றிக் கவலை கொண்டிலர் போலும்!

இஃது அழகுக் குறை மட்டும் அன்று. பற்கள் முறைதவறி உராய்வதால் எனாமல் என்னும் மேற்பூச்சுத் தேயும். கீழ்ப்பல் முன்னே தள்ளுண்டு, அதன் ஈறு இறங்கும். நாளடைவில் பல் ஆடவும் கூடும்.

ஆணிபோல் ஊன்றிய பல்லை நகர்த்த இயலுமோ? இயலும். பல் எலும்போடு ஒட்டியதன்று. வேருக்கும் தாடையெலும்புக்கும் இடையே மெல்லிய நார்களாலாகிய சவ்வு ஒன்று உண்டு. சிறு விசை ஒன்று நெடுநாள் தாக்குமாயின், பல் நெருக்கும் பக்கத்து எலும்பு கரையும். அது விலகும் பக்கத்தில் புதிய எலும்பு தோன்றும். ஆறு ஒரு கரையை அரித்து மறுகரையில் மணலிட்டு இடம்பெயர்வதை ஒக்கும் இது. விசையை மிகுத்தால் பல் விரைந்து நகரும் என எண்ணுதல் பிழை. மிகுவிசை குருதியோட்டத்தைத் தடுத்து நகர்ச்சியைத் தாழ்த்தும், வேரையும் கெடுக்கும். ஆதலின் சிறுவர் தாமே குச்சியால் நெம்புதல் தீங்காம்.

பிரெஞ்சு மருத்துவர் பியேர் போஷார் 1728-இல் வெளியிட்ட நூலில், உலோகப் பட்டையொன்றில் பற்களை நூலாற் பிணைத்துத் திருத்தும் முறையை விளக்கினார். இன்று அண்ணத்திற் பொருந்தும் தகடு ஒன்றை அணிவிப்பர். அதிலுள்ள சிறு கம்பிவில் மேற்பல்லை மெல்ல முன்னே தள்ளும். கீழ்ப்பல் வழிமறியாதிருக்கும் பொருட்டுத் தகட்டின் இருபுறமும் கடைவாய்ப் பற்களை மூடிச் சற்று உயர்ந்திருக்கும். சிலருக்குப் பல்லின்மேல் ஒட்டும் கம்பிகளே ஏற்றவை. கீழ்த்தாடையே மிக நீண்டிருப்பின் தகட்டால் பயனில்லை. அதற்குரிய மருத்துவம் வேறு.

கம்பிவில்லை அவ்வப்போது முடுக்குதல் வேண்டும். சமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கி, அப்பாலுள்ள நகரத்திற்குச் சென்று மீள்வதில் ஒரு பகல் கழியும். பிள்ளைக்குப் பள்ளி போகும். உடன்வருவோர்க்குக் கூலி போகும். இடையில் நிறுத்தினாலோ, பாதி நகர்ந்த பல் பழைய இடத்திற்கே திரும்பக் கூடும். சில திங்கள் பொறுத்து, மேற்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி முன்வந்து போதிய அளவு அதனை மூடிவிடின், பின்னர்த் தகடு பெரும்பாலும் வேண்டுவதில்லை. முன்னர்த் தடையாய் நின்ற கீழ்ப்பல்லே அதனைப் பின்னே சாயவிடாது தாங்கி நிற்கும்.